தமிழ் பேசும் வெளிநாட்டுக்குப் படிக்க வருகிறவருக்கு

திருச்சியில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு இரண்டு பருவம் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க வருகிறாராம். "தமிழ் பேசுற ஊர்தானே, சோறு குழம்புதானே, அங்க போய் என்ன புதுசா தெரிஞ்சுக்கப் போற என்று வீட்டில் கேட்கிறார்கள். உண்மையில் அது எனக்கு வெளிநாடாக இருக்குமா? எப்படித் தயாராகி வர வேண்டும்?" இதுதான் கேள்வி.

இருக்கும், தங்கச்சி. ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ படிக்கப் போகும் உங்கள் தோழியைவிட உங்களுக்கு ஒரு சிரமம் கூடுதலாகவே இருக்கும். விமான நிலையத்தில் இறங்கியதுமே தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்பார், கவனிப்பார், கற்றுக்கொள்வார். உங்களுக்குப் பெயர்ப்பலகையிலேயே தமிழ் இருக்கும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பேசுவது காதில் விழுந்து விளங்கும். விளங்குகிறது என்பதாலேயே எல்லாம் புரிந்துவிட்டது என்று தோன்றிவிடும். இங்கே வந்து தங்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரும் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பேராதனையில் படித்தேன். அதன்பிறகு இரண்டு வருடம் சென்னையில் படித்தேன். இப்போது கண்டியில் ஆசிரியை. மேல்மாடி அறை இரண்டைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வரப்போகும் பாதையில் நான் எதிர்த்திசையில் போய் வந்திருக்கிறேன்.

சென்னையில் முதல் வாரம் கடையில் போய் "பாண் இருக்கா" என்று கேட்டேன். கடைக்காரர் வெற்றிலை பாக்கை எடுத்துக் கொடுத்தார். நான் கேட்டது ரொட்டியை, அதாவது நீங்கள் பிரெட் என்று சொல்வதை. விடுதியில் "நீ சிலோனா? எந்த கேம்ப்?" என்று கேட்டார்கள். நான் அகதியாக வரவில்லை, யாழ்ப்பாணமும் இல்லை, இலங்கையின் நடு மலையிலிருந்து படிக்க வந்திருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மிகுந்த அன்போடுதான் கேட்டார்கள். ஆனால் என்னைப் பார்ப்பதற்கு முன்பே என்னைப் பற்றி ஒரு கதை அவர்களிடம் தயாராக இருந்தது. நான் எவ்வளவு பேசினாலும் அந்தக் கதையோடு பொருந்துவது மட்டுமே அவர்கள் காதில் ஏறியது. நீங்களும் அப்படி ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. மற்றதெல்லாம் வந்த பிறகு பழகிக்கொள்ளக் கூடியவை.

முதலில் மொழியையே எடுத்துக்கொள்வோம். பேராதனையில் நீங்கள் கேட்கப்போவது ஒரு தமிழ் இல்லை, நாலைந்து தமிழ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை "ஓம்" என்றால் அது மந்திரமில்லை, ஆமாம் என்று அர்த்தம். "கதைப்பம்" என்றால் பேசலாம் என்று அர்த்தம், கதை சொல்வதில்லை. மட்டக்களப்புப் பேச்சின் இழுவை வேறு. முஸ்லிம் பிள்ளைகளின் தமிழ் வேறு, அதிலும் கண்டிப் பக்கத்தவர் பேசுவதும் கல்முனைப் பக்கத்தவர் பேசுவதும் ஒன்றில்லை. எங்கள் மலையகப் பேச்சு, அதாவது தேயிலைத் தோட்டத்து மக்களின் பேச்சுத்தான் உங்கள் காதுக்கு மிக நெருக்கமாக இருக்கும். அதனால்தான் அதில் அதிகம் ஏமாறுவீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு சொற்கூட்டம் உண்டு. கதிரை என்றால் நாற்காலி. யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். பீன்ஸுக்கு நாங்கள் சொல்லும் போஞ்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. பாட்டில் இங்கே போத்தல், வேர்க்கடலை கச்சான், ஆரஞ்சு தோடம்பழம். பேராசிரியரை "சேர்" என்றும் "மிஸ்" என்றும் கூப்பிடுவோம். மேல் வகுப்பு மாணவர்கள் அண்ணா, அக்கா. கடைக்காரர் உங்களை "மகள்" என்றே கூப்பிடுவார். திருச்சியில் முன்பின் தெரியாதவர் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள். இங்கே வயதில் மூத்தவர்கள் இளையவர்களை மகன், மகள் என்பது சாதாரணம். சிங்களவரும் புத்தா, துவ என்று அதையேதான் சொல்வார்கள்.

சிங்களம் ஓரளவாவது கற்றுக்கொண்டு வாருங்கள். வளாகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டு சமாளிக்கலாம். கண்டிச் சந்தையில் முடியாது. நூறு சொல் போதும். கீயத என்றால் எவ்வளவு. எபா என்றால் வேண்டாம். ஹரி என்றால் சரி. பஹினவா என்றால் இறங்கப் போகிறேன், பஸ்ஸில் இது கட்டாயம் வேண்டும். உறவுச் சொற்களில் கவனம் வேண்டும். அக்காவும் அம்மாவும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ஆனால் சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அய்யா என்றால் அண்ணன். என் மேல்மாடியில் இருந்த சேலத்துப் பிள்ளை, தோழியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கிழவர்தானே என்று எண்ணி "வயசானா அப்படித்தான், கவலைப்படாதே" என்று ஆறுதல் சொல்லிவிட்டது. அந்தத் தோழி சொன்ன "தாத்தா"வுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறகு விஷயம் தெரிந்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இன்னொன்று, சிங்களவர் "நுவர" என்றால் அது கண்டி. நுவரெலியா என்று நினைத்துப் பஸ் ஏறிவிடாதீர்கள். கண்டிக்குச் சிங்களத்தில் மஹநுவர என்று பெயர்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கைதான், அதுவும் நீங்கள் சைவம் சாப்பிடுகிறவராக இருந்தால். இங்கே தேங்காய்ச் சம்பலிலும் கீரைச் சுண்டலிலும் சில இடத்தில் மரக்கறியிலும்கூட மாசிக் கருவாட்டுத் தூள் போடுவார்கள். சிங்களத்தில் உம்பலகட. மீன் துண்டு கண்ணில் படாது, ஆனால் உள்ளே இருக்கும். "மாசி போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். சாம்பாரும் ரசமும் தினமும் கிடைக்காது. தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் சொதியும் கிடைக்கும். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். வீட்டுச் சமையலை நினைத்து ஏங்கினால் கண்டியில் சைவக் கடைகள் இருக்கின்றன.

தேத்தண்ணியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் டீ என்றால் பால் கொதித்து வரும் டீ. இங்கே பிளேன்ட்டீ என்று வெறும் தேத்தண்ணிதான் அதிகம். இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அது வரும். "இப்பதான் குடிச்சேன்" என்று மறுக்காதீர்கள். எங்கள் தோட்டத்து வீடுகளில் அதைக் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரி மனசு வாடிப்போகும். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் நல்ல தரமெல்லாம் கப்பலேறிவிடும். வீட்டில் இருக்கும் தூளை வைத்துத்தான் உங்களுக்கு ஊற்றித் தருகிறார்கள்.

அடுத்தது கண்டி. இது பௌத்தர்களின் புனித நகரம். பௌர்ணமிதோறும் போயா தினம், நாடு முழுக்க விடுமுறை. அன்று மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். வெள்ளை உடுத்திய கூட்டம் பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்குப் போவதைப் பார்ப்பீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. அது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். வைகாசிப் பௌர்ணமியில் வரும் வெசாக் பண்டிகைச் சமயம் தெருவோரம் தன்சல் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சோறும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் போய் வரிசையில் நில்லுங்கள். ஒரு ஊரைப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பெரஹராவைத் தவறவிடாதீர்கள். ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாதர், விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து போகும். கதிர்காமத் தெய்வம் நம் முருகன். பத்தினி யார் என்று நினைக்கிறீர்கள்? கண்ணகிதான். சிலப்பதிகாரத்தில் இலங்கைக் கயவாகு வேந்தன் வருகிறானே, அந்தத் தொடர்பு இங்கே ஏட்டில் உறங்கவில்லை, தீப்பந்த வெளிச்சத்தில் தெருவில் நடந்து போகிறது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. நாயக்கர் வழி வந்தவன். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். அவன் சமாதி இன்றும் வேலூரில் இருக்கிறது. வருவதற்கு முன் முடிந்தால் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே அவன் ஆண்ட மாளிகை வாசலில் நிற்கும்போது அது உதவும்.

ஆனால் இதையெல்லாம் சிங்களத் தோழிகளிடம் "இது எங்களோடது" என்ற குரலில் பேச வேண்டாம். பத்தினி அவர்களுக்கும் தாய். அவளுக்கு நேர்ந்துகொள்கிறார்கள், அவள் பேரில் பால் பொங்க வைக்கிறார்கள். "எங்க ஊரிலும் அவளைத் தெரியும், நீங்கள் எப்படிக் கும்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பேசுவார்கள்.

வளாகத்தைப் பற்றிக் கொஞ்சம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி 1952இல் பேராதனைக்கு வந்தது. மகாவலி கீழே ஓடும், மேலே ஹந்தானை மலை. இவ்வளவு அழகான இடத்தில் படிப்பது ஒரு கொடுப்பினை, உண்மையாகவே சொல்கிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். கிராமத்தோடு நின்றிருந்த கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த சு. வித்தியானந்தன் இங்கேதான் கற்பித்தார். அருணாசலம், இராமநாதன் என்று இரண்டு விடுதிகள் அந்தக்காலத் தமிழ்த் தலைவர்களான பொன்னம்பலம் சகோதரர்கள் பேரில் நிற்கின்றன. மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனால் எல்லாப் பீடத்துத் தமிழ்ப் பிள்ளைகளையும் அங்கே ஒன்றாகப் பார்க்கலாம். முதல் மாதத் தனிமைக்கு அது நல்ல மருந்து.

பகிடிவதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ராகிங் என்று சொல்வதற்கு இங்குள்ள பெயர் அது. 1998ஆம் ஆண்டிலேயே அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் முற்றாக ஒழியவில்லை. நான் முதலாம் ஆண்டில் இருந்தபோது என் அறைத்தோழி மூன்று வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வரவேயில்லை. அவள் இடத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு பொறியியலாளரை இந்த நாடு இழந்தது. வெளிநாட்டு மாணவி என்பதால் உங்களை விட்டுவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் கண்முன்னே நடந்தால் "அவங்க ஊர் வழக்கம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு ஊரின் பண்பாட்டை மதிப்பது வேறு, அந்த ஊரில் நடக்கும் கொடுமையை மதிப்பது வேறு. உங்கள் துறைப் பேராசிரியரிடம் சொல்லுங்கள்.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு பழகும்போது இன்னொரு நிதானம் வேண்டும். போர் முடிந்தது 2009இல். உங்களோடு படிக்கப் போகிறவர்கள் அப்போது கைக்குழந்தைகளாகவோ சிறு பிள்ளைகளாகவோ இருந்தவர்கள். வீட்டில் யாரை இழந்தார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவர்களே சொல்வார்கள். உங்களூர் மேடைகளில் கேட்ட இலங்கையை அவர்களுக்கு விளக்கவும் வேண்டாம்.

சரி, இனி மலையகத்துக்கு வருகிறேன். நான் சொல்ல நினைத்ததில் பெரும்பகுதி இதுதான்.

1820களில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டம் போட்டார்கள். வேலைக்கு உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்துதான் ஆள் எடுத்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அடுத்த இரண்டு வருடத்திலேயே கோப்பி இலையில் துரு நோய் பிடித்து, 1880களில் கோப்பி அழிந்தே போனது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது. அதைச் சுமந்தவர்கள் எங்கள் பாட்டிமார்.

1948இல் நாடு சுதந்திரம் பெற்ற அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்தது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேரை இலங்கை எடுப்பது, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று. அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் ஊரில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கோச்சி என்றால் ரயில். என் அம்மாவின் தங்கை அதில்தான் போனார். அட்டன் ஸ்டேஷனில் அழுத அழுகையை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே மீதமிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். 2023இல் நாங்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தோம். நானும் மூன்று நாள் நடந்தேன்.

இதைச் சொல்வது நீங்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கு இல்லை. எங்கள் பேச்சு உங்கள் பேச்சைப் போலிருக்கும். எங்கள் மாரியம்மன் உங்கள் மாரியம்மன். பொன்னர் சங்கர் கதையை நாங்களும் ஆடுவோம். அதைப் பார்த்ததும் "அட, நம்ம ஊர் ஆளுங்க! பழசெல்லாம் அப்படியே வச்சிருக்காங்க!" என்று உங்கள் வாயில் வரும். வந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், ஆசையாகத்தான் சொன்னார்கள். ஆனால் நாங்கள் தமிழ்நாட்டின் பழைய துண்டு ஒன்று மலையில் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. இருநூறு வருடத்தில் இங்கே ஒரு வாழ்க்கையை உண்டாக்கியிருக்கிறோம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே சுழலும் சக்கரத்துக்கு ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு. கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கத் தொடங்கும்போது கும்பிட கவ்வாத்துச்சாமி உண்டு. இந்தச் சாமிகள் கப்பலில் வந்தவர்கள் இல்லை, இந்த மலையில் பிறந்தவர்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடுவது பிரட்டு. ஒரு நாள் வேலை ஒரு பேர், கொழுந்தின் எடை, அதாவது நிறுவை குறைந்தால் அரைப்பேர். குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. தண்ணீர் பிடிக்கிற இடம் பீலிக்கரை. மலை என்றாலே எங்களுக்குத் தேயிலை மலைதான். இத்தனை சொல்லும் தமிழ்தான், ஆனால் இந்த மண்ணில் முளைத்த தமிழ்.

காமன் கூத்தைப் பாருங்கள். மாசி மாதம் காமன் கம்பத்தை நட்டு, தப்பு அடித்து, இரண்டு வாரத்துக்கு மேல் ராத்திரி ராத்திரியாகப் போகும். ரதி, மன்மதன், சிவன், தகனம். கதை நீங்கள் அறிந்ததுதான். ஆனால் நாளெல்லாம் மலையில் வேலை செய்து முடித்து வந்த ஆட்கள், குளிரில் நின்று, விடிய விடிய ஆடிவிட்டு மறுநாள் பிரட்டுக்கும் போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கூத்து என்ன என்று புரியும். அதே மாசியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேர் இழுப்பார்கள். அதற்கும் போய் வாருங்கள்.

எங்களை எப்படிக் குறிப்பிடுவது என்பதில் கவனமாக இருங்கள். அரசாங்கக் கணக்கெடுப்பில் நெடுங்காலம் "இந்தியத் தமிழர்" என்றே எழுதி வந்தார்கள். நாங்கள் எங்களைச் சொல்வது மலையகத் தமிழர் என்று. "நீங்க இந்தியாதானே" என்று நீங்கள் பாசத்தில் சொன்னாலும், "உங்க ஊருக்குப் போங்க" என்று எங்களைப் பார்த்துக் கத்திய குரல்கள் அதில் எங்களுக்குக் கேட்கும். 1977லும் 1983லும் தமிழர் மீது வன்முறை நடந்தபோது அந்தக் குரல் வெறும் குரலாக மட்டும் நிற்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சாதி இங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்யாணப் பேச்சில் அது எழுந்து உட்காரும். ஆனால் நாங்கள் அறிமுகத்தில் கேட்கும் கேள்வி "எந்தத் தோட்டம்?" என்பது. ஒருவருடைய பள்ளிக்கூடம், கோவில், சொந்தபந்தம், கஷ்டநஷ்டம் எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும்.

எங்கே தொடங்குவது? வளாகத்தின் ஊடாகவே கலஹா றோட் போகிறது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் உங்கள் வகுப்புத் தோழிகளும் இருப்பார்கள், கண்டிக்குச் சாமான் வாங்க வந்து திரும்பும் தோட்டத்து அம்மாக்களும் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹா வரை போங்கள். லூல்கந்துர இருப்பதும் அந்தப் பக்கம்தான். வளாகத்திலிருந்து அவ்வளவு கிட்டத்தில் இருந்தும், மூன்று வருடம் படித்துவிட்டு ஒரு நாள்கூட அங்கே ஏறிப் போகாதவர்களை எனக்குத் தெரியும்.

லயத்துக்கு, அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைக்கு நேரே போய் நிற்க வேண்டாம். வகுப்பில் மலையகப் பிள்ளைகள் இருப்பார்கள். பழகுங்கள், அவர்களே தீபாவளிக்கோ கோவில் திருவிழாவுக்கோ வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். எங்களுக்குப் பெரிய பண்டிகை தீபாவளிதான். கூப்பிடும்போது போங்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் ஒரு சின்ன அடுப்படியும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவற்றில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். உங்களைக் கூட்டிப்போன பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கொழுந்து எடுக்கும் அம்மாக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நிறுவைக்கு முன்னால் அவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. பதினெட்டு, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் அளவு வைத்திருக்கிறார்கள், அது குறைந்தால் சம்பளம் குறையும். ஆய்வுக்குத் தகவல் எடுப்பதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதைத் துறை மூலமாகச் செய்யுங்கள்.

குளிரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பேராதனையில் பகலில் வெயில்தான், ஒரு ஸ்வெட்டர் போதும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், ஜனவரி ராத்திரியில் பல் அடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை அட்டன் பக்கம் மழை விடாது, அட்டைக்கடி சகஜம், பையில் ஒரு சவர்க்காரக் கட்டி, அதாவது சோப் வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். டிசம்பர்ப் போயாவில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கி வெசாக் வரை போகும். நல்லதண்ணியிலிருந்து ராத்திரி ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சி. நமக்குச் சிவன் பாதம், அவர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் "கருணாவை" என்று வாழ்த்திக்கொண்டே போவார்கள். உச்சியில் ஒரு மணி இருக்கும். எத்தனை தடவை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். நீங்கள் ஒரு தடவை அடியுங்கள்.

வீட்டு ஏக்கம் முதல் வாரத்தில் வராது. மூன்றாவது, நாலாவது வாரம் வரும். புதுமை தீர்ந்து, நட்பு இன்னும் ஊன்றாத நேரம் அது. தமிழ் பேசும் ஊரில் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று உங்கள் மேலேயே கோபம் வரும். சென்னையில் எனக்கு வந்தது. சுற்றிலும் தமிழ், ஆனால் ஒருவருக்கும் நான் சொல்வது போய்ச் சேரவில்லை என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அந்த நேரத்தில் தினமும் வீட்டோடு மணிக்கணக்கில் வீடியோவில் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். யாராவது தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் எழுந்து போங்கள்.

கடைசியாக ஒன்று, கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், உங்கள் பக்கத்திலிருந்து யாராவது "கண்டிச் சீமைக்கு" போனார்களா என்று கேட்டு வையுங்கள். தோட்டத்தில் நீங்கள் திருச்சி என்று சொன்னதும் ஒரு பாட்டியாவது எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார். அவரிடம் ஒரு ஊர்ப் பெயர் இருக்கும், ஒரு குலசாமிப் பெயர் இருக்கும். அவர் பார்த்ததில்லை, அவர் அம்மாவும் பார்த்ததில்லை. என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது, துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் படித்தபோது ஒரு விடுமுறையில் தேடிப் போனேன். ஒரு பெரியவர் என்னை ஆலமரத்தடியில் இருந்த கோவிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் யாரையும் அவருக்கு ஞாபகமில்லை. நான் அந்தத் திருநீற்றை மடித்து அம்மாவுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு, "சரி, பாத்துட்டு வந்திட்ட. இனி நம்ம ஊர் வேலையைப் பாரு" என்றார். நம்ம ஊர் என்று அவர் சொன்னது பொகவந்தலாவையை.

ஆகவே அந்தப் பாட்டி உங்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், தாலுகாவும் சாமிப் பெயரும் கேட்டு ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள். திரும்பிப் போனதும் உண்மையிலேயே போய்ப் பார்த்து ஒரு படமாவது அனுப்ப முடியும் என்றால் மட்டும் "பார்த்துச் சொல்றேன் பாட்டி" என்று சொல்லுங்கள். முடியாதென்றால் சொல்லாதீர்கள், அவர் காத்திருப்பார்.